சப்வேயில் பெண் பார்த்த கதை

போன வாரம் ஒரு மாலின் பார்க்கிங்கில் இறங்கியதும் ஃபினாயிலும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. காரை மறந்துவிட்டு, என்னைப் பெண் பார்த்த நாளை நினைத்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள், என்னைப் பெண் பார்த்தது சுரங்கப்பாதையில்தான்.

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து எதிர்த் தெருக்களுக்குப் போகும் சப்வே. மூன்று வாசல்கள். எது எங்கே போகிறது என்று காட்டும் பலகையின்மேல் அமீர்பேட் கம்ப்யூட்டர் வகுப்புகளின் போஸ்டர்கள். எங்கள் வீடு பக்கத்திலேயே, ரெஜிமெண்டல் பஜாரில். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். மூன்றரைக்கே திருச்சியிலிருந்து வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "எந்தப் படி ஏறினாலும் திரும்ப ஸ்டேஷன்தாங்க வருது!"

கூட்டிவரப் போன அப்பா திரும்பவில்லை. அவர்கள் ஒரு வாசலில் ஏற, இவர் அடுத்த வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தேடிப் போன சித்தப்பாவும் வரவில்லை. நாலே காலுக்கு நானே பட்டுப்புடவையோடு கிளம்பினேன். "பொண்ணு போகக் கூடாதுடி!" என்று அம்மா கத்தினாள்.

கீழே ஒரு சீப்புக் கடை முன்னால் எல்லோரும் ஒருவழியாகச் சேர்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷந்தான் இருக்கு. இங்கயே பாத்துடுவோம்." கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார். செய்தித்தாளை விரித்து நமஸ்காரம் செய்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லோக்கல் ரயிலின் கூட்டம் மொத்தமாக உள்ளே பாய்ந்தது. கூட்டம் போனபின் பார்த்தால் மாப்பிள்ளையைக் காணோம். நான்தான் எங்கோ வைத்து மறந்துவிட்டதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தேடிப் போனேன். இரண்டாவது வாசல் படியில் நின்றிருந்தார்.

"கூட்டம் தள்ளிடுச்சா?"

"முதல் பத்தடி தள்ளிச்சு. மிச்சம் நானே நடந்தேன். உங்ககிட்ட தனியா சொல்லணும். அமெரிக்கா போறேன்னு அம்மா சொல்லுவாங்க. வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்ல தெரியாது."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் அலுவலகத்திலும் வாரம் ஒரு நாற்காலி காலியாகிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. சொல்லிட்டா எனக்குச் சம்மதம்."

சீப்புக் கடை முன்னால் வைத்தே சொன்னார். அவர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என் அப்பா ஹைதராபாத் பாணியில் "நக்கோ", வேண்டாம், என்று சொல்ல வாயெடுத்தார். "மணி நாலரை," என்றார் சித்தப்பா. ராகு காலத்தில் சம்மதமும் சொல்லக் கூடாது, மறுப்பும் சொல்லக் கூடாதே! எல்லோரும் பேசாமல் எங்கள் வீட்டுக்கு வந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். ஆறு மணிக்குள் கோபம் ஆறிவிட்டது. "பொண்ணு வேலைக்குப் போவுதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார் மாமியார்.

மாமியாரும் அப்பாவும் இப்போது இல்லை. சென்ற வருடம் நாங்கள் இருவரும் அந்தச் சப்வேயைப் பார்க்கப் போனோம். வாசலில் ஷட்டரை இறக்கி, முன்னால் ஹெல்மெட் கடை போட்டிருந்தார்கள். கீழே போக வழி இருக்கிறதா என்று என் கணவர் இந்தியில் கேட்டார்.

"நீச்சே குச் நை, சாப்," என்றார் கடைக்காரர். கீழே ஒன்றுமே இல்லையாம்.