மிளகாய்க்கு எதிரே ஒரு கோடு

வற்றல் மிளகாயில் சத்து எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் இரண்டு வருஷம் மனையியல் படித்துவிட்டு, மதுரையில் மிஷன் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். விடுதிச் சாப்பாட்டைக் கவனிப்பதும் என் பொறுப்பு. படித்தவள் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

யுத்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷனில் கோதுமையும் சோளமும் போட்டார்கள். கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. விடுதிக்குச் சாமான் போடுகிற கடைக்காரர் ஒரு நாள் வந்து, ரயிலெல்லாம் பட்டாளத்துக்கே ஓடுகிறது, முன்போல எல்லாவற்றையும் தர முடியாது என்று கையை விரித்தார். நல்லெண்ணெய் முழு அளவு வேண்டுமென்றால் மிளகாய் கிடையாது. மிளகாய் வேண்டுமென்றால் எண்ணெயில் பாதிதான். இரண்டில் எது என்று இப்போதே சொல்லிவிடச் சொன்னார்.

விடுதித் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். துரைசானி என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனுஷி, ஆனால் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் குழம்பை நாக்கில் வைத்ததில்லை. இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். நான் சந்தோஷமாக உட்கார்ந்து எழுதினேன். எண்ணெய்க்கு எதிரே எவ்வளவு சக்தி, எவ்வளவு கொழுப்பு, உடம்புக்கு என்ன பயன் என்று கட்டம் நிரம்பிவிட்டது. மிளகாய் பற்றி என் பாடப் புத்தகம் ஒரே வரிதான் சொன்னது: நாக்கைத் தூண்டும், உணவாகாது. அதனால் மிளகாய்க்கு எதிரே எல்லாக் கட்டத்திலும் ஒரு சிறு கோடு போட்டேன். மிளகாயிலும் சத்து உண்டு என்று பிற்பாடு படித்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

துரைசானிக்கு அட்டவணை மிகவும் பிடித்துவிட்டது. அதைத் தமிழில் பெரிதாக எழுதச் சொல்லி, சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில் மாட்டினார். பள்ளிக் கமிட்டிக்கும் ஒரு நகல் போயிற்று. அந்த மாதத்திலிருந்து எண்ணெய் முழு அளவு வந்தது, மிளகாய் நின்றது.

சமையல்காரம்மா செல்லூரிலிருந்து வருகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அன்று மத்தியானம் கரண்டியில் குழம்பை அள்ளி என் முன்னால் நீட்டினார்.

"மொளகா இல்லாம இது கொழம்பா டீச்சர்? புளி கரைச்ச வெந்நி."

பழகிவிடும் என்றேன். எதைச் சொன்னாலும் பழகிவிடும் என்று சொல்கிற வயது அது.

எண்ணெயில் தாளிக்கக்கூடாது என்றும் ஓர் உத்தரவு போட்டேன். தாளித்தால் சட்டியில் பாதி ஒட்டிக்கொண்டுவிடும், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய பங்கு போய்ச் சேராது என்பது என் நியாயம். ஆகவே கோதுமைக் களியின் நடுவில் குழி பறித்து, ஒரு கரண்டி பச்சை எண்ணெயை அதில் ஊற்ற வைத்தேன். நாற்பது பிள்ளைகளுக்கும் என் கண் முன்னாலேயே ஊற்றினார்கள்.

அந்த நாற்பது பேரில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவனியாபுரத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்து வந்தவள், பதினாலு வயது. அவள் அம்மாவின் தம்பிக்கு முப்பது கடந்துவிட்டது. இவளுக்காகத்தான் காத்திருந்தான். படிக்கிற வரையில் பேச்சில்லை, வீட்டுக்கு வந்த அன்றைக்குக் கல்யாணம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எட்டாவது முடித்தால் ஆசிரியைப் பயிற்சியில் இடம் வாங்கித் தருவதாக நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படியாவது அந்த ஒரு வருஷத்தை விடுதியில் ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

அதற்கும் ஒரு விதி குறுக்கே நின்றது. முந்தைய வருஷம் விடுதியில் காய்ச்சல் பரவியதிலிருந்து, மாதம் ஒரு தடவை டாக்டரம்மா வந்து எல்லோரையும் நிறுத்துப் பார்ப்பார். மூன்று மாதம் தொடர்ந்து எடை குறைகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

முதல் மாதம் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றிரண்டு ராத்தல் குறைந்திருந்தார்கள். இவள் மூன்று. புதுச் சாப்பாடு, உடம்பு ஏற்கக் கொஞ்சம் நாளாகும் என்று எழுதினேன். அதே அறிக்கையில் இன்னொன்றும் எழுதினேன்: பிள்ளைகளின் தலைமுடியில் நல்ல மினுமினுப்புக் காணப்படுகிறது. அதை எழுதியபோது எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருக்கிறது.

இரண்டாம் மாதம் மற்றவர்களுக்குக் குறைவது நின்றிருந்தது, இவளுக்கு மறுபடியும் குறைந்தது. களிக் குழியில் விரலைத் தோய்த்து ஒரு சின்னப் பெண் உச்சந்தலையில் தடவிக்கொள்வதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளும் அதையே செய்தாள். தேங்காயெண்ணெயும் கிடைக்காமல் தலைக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தியிருந்தோம். பரட்டைத் தலையோடு வகுப்பில் உட்கார அந்தப் பிள்ளைகளுக்கு வெட்கம். எப்படியும் தொண்டையில் இறங்காத களியின் மேல் மிதக்கிற எண்ணெயை வீணாக்குவானேன்? எண்ணெய் தலைக்குப் போயிற்று, களி கழுநீர்த் தொட்டிக்குப் போயிற்று. நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. பிள்ளை சாப்பிட்டால்தான் கணக்கு என்பதை மட்டும் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பள்ளிக்கூடத்தில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

துரைசானியிடம் ஓடினேன். எண்ணெயைப் பாதியாக்கி மிளகாயை வாங்கிவிடலாம், என் அட்டவணை தப்பு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எந்த எண் தப்பு என்று கேட்டார். எண் எதுவும் தப்பில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் கமிட்டி ஒப்புக்கொண்டதை மாற்ற முடியாது, பருவம் முடியட்டும் என்றார். கடைக்காரரிடம் போனேன். அவர் எங்கள் பங்கு மிளகாயை வேறு யாருக்கோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார். தோட்டத்தில் விதை போட்டேன். மிளகாய்ச் செடிக்கு நம் அவசரம் தெரியுமா?

கடைசியில் என் வீட்டில் இருந்த வற்றலை அரைத்து, ஒரு சிறு சீசாவில் துவையலாக அடைத்து, அந்தப் பெண்ணிடம் மட்டும் ரகசியமாகக் கொடுத்தேன். நாற்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் செய்யக்கூடாத காரியம், தெரிந்துதான் செய்தேன். அவள் அதைச் சாப்பாட்டுக் கூடத்துக்கே கொண்டுபோய், ஆளுக்கு ஒரு விரல்நுனி வைத்து, ஒரே வேளையில் காலி செய்துவிட்டாள். அன்று ஒரு பிள்ளையும் களியை மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் அத்தனை தட்டும் பழையபடிதான் வந்தது. கொடுக்க என்னிடம் வேறு மிளகாய் இல்லை.

மூன்றாம் மாதம் அவள் தராசில் ஏறியபோது நான் முள்ளைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்தேன். பேனா நின்றது, மூன்றாவது தடவையும் குறைவு. நான் வாயைத் திறக்கும் முன்பே துரைசானி, விதி ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டது இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் அப்பாவுக்குக் கடிதம் போயிற்று.

நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். அவனியாபுரம் வரை ஜட்கா, அங்கிருந்து நடை. தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் புழுதி. அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது, எரிச்சலும் வந்தது. யார் மேல் எரிச்சல்படுவது என்று தெரியாததால் வெயிலைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டை அடைந்ததும் அவள் அம்மா கம்பங்கூழைக் கரைத்து, சுட்ட வற்றல் மிளகாய் இரண்டும் கல் உப்பும் வைத்தாள். எண்ணெய் என்ற பேச்சே அங்கு இல்லை. அந்தப் பெண் மிளகாயைக் கடித்து, உப்பைத் தொட்டு, ஒரு கும்பாக் கூழையும் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். எனக்கும் கொடுத்தார்கள். மூன்று மாதமாக அதே களியைத் தின்ற நானும் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தேன். வெட்கமாக இருந்தது.

அவள் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். ஒரு மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு தேறிவிடும், திருப்பி அனுப்புங்கள், இடத்துக்கு நான் பொறுப்பு என்றேன். அந்த இடத்தைத் துரைசானி வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். ஆனா கடுதாசி வந்த அன்னைக்கே மாப்ள வீட்டுக்கு ஆள் அனுப்பிச்சுட்டேன். நாள் குறிச்சாச்சு. சொன்ன சொல்லு இருக்குல்ல."

சொன்ன சொல் எனக்கும் இருந்தது. அதை அங்கே எடுத்துச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கிளம்பினேன்.

ஓடை வரை வழிகாட்ட அவள் என்கூட வந்தாள். அவளுக்குப் பின்னால் எட்டு வயதுத் தங்கை ஒருத்தியும் வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் துறுதுறுவென்ற பிள்ளை. ஓடைக்கரையில் நின்று, மன்னித்துவிடு என்று சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். டீச்சர் மாணவியிடம் அப்படிச் சொல்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. அதற்குள் அவளே பேசினாள்.

"என்னய விடுங்க டீச்சர். இவள வார வருஷம் அனுப்பணும்னு அப்பாகிட்ட கேட்டு வாங்கிட்டேன். கல்யாணத்துக்குச் சரின்னு தலையாட்டுனதே அதுக்குத்தான்." தங்கையின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். "அதுக்குள்ள மொளகா வந்துருமா?"

வந்துரும் என்றேன். யாரைக் கேட்டுக்கொண்டு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.