நெற்றியில் நின்ற படம்

பெரியவளே, சின்னவனே, போன வாரம் பெங்களூர் பஸ்ஸில் ஓசூர் தாண்டியதும் நெட் போய்விட்டது என்று இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களே, எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தப் பெங்களூரில் நெட்டைத் தேடி நான் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். பெரியவள் பிறந்த சமயம் அது. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு நான் அங்கே கிடந்தேன். மாதம் நிறையாமல் பிறந்த உன்னைச் சேலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். போன் போட்டால் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "நல்லா இருக்குதுங்க." நம் சனத்தைத் தெரியாதா? வெளியூரில் இருப்பவனிடம் கெட்ட சேதியைச் சொல்லவே மாட்டார்கள். கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று உங்கள் மாமாவிடம் சண்டை போட்டேன். அவன் ஒரு போட்டோ பிடித்து, எனக்கென்று ஒரு மெயிலும் திறந்து அதில் போட்டுவிட்டான். பாஸ்வேர்டைப் போனில் சொல்லச் சொல்ல, என்ன ஏதென்று கவனிக்காமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் டிரைவர் ராசண்ணன் துணைக்கு வந்தார். முதல் பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை. அடுத்ததில் பொடிசுகள் கேம் ஆடிக்கொண்டு எழவே இல்லை. மூன்றாவது கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கதவை மறித்துக்கொண்டார். ரிக்கில் வேலை செய்தால் பாறைத்தூள் தலை முதல் கால் வரை மாவாகப் படிந்திருக்குமே!

"ஏந் தம்பி, கண்ணாடி பாத்தயா? இப்படியே போனா புள்ளையே பயந்துக்கும்" என்று ராசண்ணன் தெருக்குழாய்க்கு இழுத்துப்போனார். தேய்த்துக் கழுவினேன். தூளோடு பாஸ்வேர்டும் போய்விட்டது.

ஒரு ரூபாய்க் காசு போடும் போனில் மாமாவைப் பிடித்தேன். "ஏனுங் மச்சான், உங்க ரிக்கு வண்டி நம்பருதானுங்க அது! சோறு போடற நம்பரு, அதையுமா கழுவுவீங்க?" என்று சிரித்தான்.

இந்தத் தடவை கடைக்காரர் உள்ளே விட்டார். ஏசி அறையில் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். பெட்டியின் விளிம்பு வந்தது. வெள்ளைத் துண்டு வந்தது. பிறகு உன் நெற்றி. அங்கேயே நின்றுவிட்டது.

நான் எழுந்தே விட்டேன். ராசண்ணன் என் தோளில் கை வைத்து, "நெத்தி உன்றதேதான் சாமி. இரு, வரும்" என்றார்.

கடைக்காரர் என்னமோ அமுக்கினார். புருவம் வந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. நன்றாக விழித்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை மறந்து திரையைத் தொட்டுவிட்டேன். நகக்கண்ணில் மிச்சமிருந்த பாறைத்தூள் உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் துடைக்க வந்தார்.

"இருக்கட்டுங்க, திருஷ்டிப் பொட்டு" என்றார் ராசண்ணன்.

போன வாரம் உன்னைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டபின், அம்மாவையும் தம்பியையும் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு அந்தத் தெருவுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் தொங்குகிறது. தெருக்குழாயும் இல்லை. நெட் எங்கே கிடைக்கும் என்று அந்த ஊரில் இனி யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

அங்கே நிற்கும்போதே போன் சிணுங்கியது. ஹாஸ்டல் அறையிலிருந்து உன் படம். கண்மூடித் திறப்பதற்குள் முழுசாக வந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. ஓரமாக ஒதுங்கி, திரையை உள்ளங்கையால் மூடி, கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். நெற்றி வந்ததும் கொஞ்சம் நிறுத்தினேன்.