உப்பு விளம்பிய நாள்

எங்கள் குடியிருப்பின் ஓண விருந்துக்குப் பால்பாயசம் வைக்கும் வேலை எனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து இருபது வருடமாகிறது. என் பாயசத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். ஆனால் சங்கச் செயலாளர் பட்டியலை வாசிக்கும்போது, "சேச்சி உப்பு விளம்பினா மதி" என்றார். இலைகளில் உப்புப் பரிமாறினால் போதுமாம். உனக்கு இது போதும் என்று அவர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். அன்று முழுக்க முகம் கொடுத்து யாரிடமும் பேசவில்லை.

ஓணத்தன்று கார் நிறுத்தும் இடத்தில் நீள மேசைகள் போட்டு, காகிதம் விரித்து, இலை போட்டிருந்தார்கள். ஆரியசாலையிலிருந்து வந்திருந்த தமிழ்ச் சமையல்காரர் உப்புக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இலைல உப்பு விழாம மத்தது ஒண்ணும் போகாது, கேட்டோ. நீங்க முன்ன நடங்கம்மா."

நிமிர்ந்த தலையோடு, யார் முகத்தையும் பார்க்காமல் இலைக்கொரு சிட்டிகை போட்டுக்கொண்டே போனேன். வரிசை முடிவில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியவர். விரல்களால் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மோளே, உப்பு எவிடே?"

நான் போட்ட உப்பு காகிதத்தில் கிடந்தது. வெட்கமாகிவிட்டது. குனிந்து, இலை நுனியில் புதிதாக வைத்து, அவர் விரலைப் பிடித்துத் தொட வைத்தேன். "இவிடே, டீச்சர்." அவர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தால், பாதிப் பேர் இலையில் உப்பு இல்லை. வரிசையின் முதலிலிருந்து மறுபடி குனிந்து குனிந்து வைத்தேன். ரத்த அழுத்தம் இருப்பதால் பெயருக்கு வைத்தால் போதும் என்றார் வாட்ச்மேன். லிஃப்டில் தினமும் பார்த்தும் பேசாத எதிர்வீட்டுப் பெண், "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மூன்று பந்தி முடிந்து நான் உட்கார்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. எதிரே சமையல்காரர். அத்தனை கறி இருக்க, சோறும் மோரும் மட்டும் கேட்டார்.

"காலைலேருந்து மணம் பிடிச்சே வயிறு நெறஞ்சாச்சும்மா."

எழுந்து மோர்ப் பாத்திரத்தை எடுத்து வந்தேன். அவர் சோற்றில் குழி செய்துகொண்டு காத்திருந்தார். வழிந்துவிடாமல் மெதுவாக ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் இலையை மடக்கவில்லை.