நாற்பத்திரண்டு அடி வட்டத்துக்கு ஒரே டிக்கெட்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, சன்னிவேலில் மகள் கவிதாவின் வீட்டிலிருந்து மழையோடு கிளம்பினோம். நாற்பது மைல் ஓட்டி இரண்டு மணிக்கு ஓக்லாண்டு. செங்கல்லில் வட்டமாகக் கட்டிய சர்க்கஸ் கட்டடம். டிக்கெட் பன்னிரண்டு டாலர். கவிதாவுக்குக் காரில் உட்கார்ந்து முடிக்க ஆபீஸ் வேலை இருந்ததால் எனக்கு மட்டும் வாங்கினாள்.

வாசல் பலகையைப் படித்துச் சொன்னாள். ஹங்கேரியிலிருந்து ஆறு குதிரைகளோடு வந்த அண்ணனும் தங்கையும் கட்டியது. ஊர் ஊராகக் கூடாரம் பிரித்துச் சலித்த தங்கை, "இனி ஓர் ஆணிகூடப் பிடுங்க மாட்டேன்" என்றாளாம். உயிலில் நிபந்தனையும் வைத்தார்கள். ஞாயிறுதோறும் காட்சி நடக்க வேண்டும். டிக்கெட் வாங்கிய ஒருவராவது கடைசி வணக்கம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் வாரிசுகள் கட்டடத்தை விற்கலாம்.

டிக்கெட் கொடுத்தவரே தங்கையின் பேத்தி இலோனா. வயது அறுபதுக்கு மேல். முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, "அண்ணன் வழிப் பேரன். விற்கத்தான் காத்திருக்கிறான்" என்றதையும் கவிதாதான் தமிழில் சொன்னாள்.

மூன்று மணி. முந்நூறு நாற்காலிகளில் டிக்கெட்டோடு நான் ஒருத்திதான். நாற்பத்திரண்டு அடி வட்டத்துக்குள் இலோனா வலது காலை முதலில் வைத்து வந்தார். அவர் கணவர் டிரம் அடித்தார்.

மூன்றரைக்கு இலோனா கயிற்றின் நடுவில் நின்றபோது கவிதா உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, ரெயின் ஜாஸ்தியாயிடுச்சு. ஃப்ரீவே ஜாம் ஆயிடும். கெளம்பலாம்."

கோட்டுக்காரர் எழுந்து வந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"இப்பவே போனா டபுள் ரீஃபண்ட் பண்றாராம்மா."

அந்நியர் ஒருவருக்கு நான் பதில் சொன்னதே இல்லை.

"நோ," என்றேன். "ஐ சிட்."

"அம்மா!"

"நீ வேணும்னா கார்ல இரு கண்ணு. அந்தம்மா கயித்து மேல நிக்கறாங்க, நாற்காலியில உக்கார எனக்கென்ன கேடு?"

கவிதா சிரித்துவிட்டாள். கோட்டுக்காரர் அப்புறம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலேகாலுக்கு இலோனா முந்நூறு நாற்காலிகளுக்கும் சேர்த்து நாலு திசையிலும் குனிந்து வணங்கினார். நான் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். வீடு சேர ஏழாகிவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. சர்க்கஸுக்கு விடுமுறை. கட்டடம் விற்கப்படவில்லை.