காசளவு கொப்புளம்

என் மகன் பல்கலைக்கழகத்தில் சூட்டைப் பற்றிப் படித்தான். உடம்பில் வரும் கட்டியைச் சுட்டு அழிக்கிறார்களாம். அப்போது சதைக்குள் சூடு எவ்வளவு தூரம் இறங்கும், ஓடுகிற ரத்தம் அதில் எவ்வளவை வாரிக்கொண்டு போகும் என்று கணினி முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் அவன் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கும் அது விளங்கியது.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு கை வேண்டும் என்றான். நானே நீட்டினேன். அவன் படிப்பில் என் கையும் இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

எங்கள் பிளாட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்து, முன்கையில் சூடேறும் காசளவு வில்லை ஒன்றை ஒட்டினான். அவனோடு படிக்கிற பெண்ணும் வந்திருந்தாள்.

“வலிச்ச உடனே சொல்லுங்கம்மா.”

கணினித் திரையில் சிவப்பு ஏறியது. நான் கையை எடுக்கவில்லை.

“இன்னுமா வலிக்கல? வீம்பு பண்ணாதீங்கலா.”

“வலிக்காததை வலிக்குதுன்னு எப்படிடா சொல்றது?”

“ஆன்ட்டி கை இரும்புலா!” அந்தப் பெண் சிரித்தாள்.

அவன் வில்லையைப் பிடுங்கினான். “இந்தக் கை சரிப்படாது. நார்மலா உள்ள ஆளைத்தான் பார்க்கணும்.”

பிறை என்கிற ஊரில் உள்ள தொழிற்சாலையில், வார்ப்பு இயந்திரத்துக்குள் கைவிட்டுச் சூடான பிளாஸ்டிக் கிண்ணங்களை எடுத்துத்தான் இவனை வளர்த்தேன். விளிம்பில் பட்டுப் பட்டு முன்கைத் தோல் தழும்பேறி மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. சின்ன வயதில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவான். ஏன் வலிக்கவில்லை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவனிடம் நானாகப் போய்ச் சொல்வதா?

மறுநாள் அதே இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தான். எனக்கு மனம் இளகிவிட்டது. அவனோ பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தான்.

“பார்த்தீங்களா, கம்ப்யூட்டர் சொன்ன அதே அளவு! கணக்கு சரிம்மா!”

அத்தனை சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. மருந்து நானே தடவிக்கொண்டேன்.

பட்டம் வாங்கியபின் தன் ஆய்வை அச்சிட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான். என் கொப்புளத்தின் படம் பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுற்றி இருந்த எதையும் காணோம்.

“என் தழும்பு எங்கேடா?”

“அதை வெட்டிட்டேன்மா. பார்க்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்.”

கை யாருடையது என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

“‘வயதான பெண்’னு இருக்குலா.”

நல்ல படம் என்று சொல்லி, புத்தகத்தை மூடி அவனிடமே கொடுத்துவிட்டேன்.