மண்டபச் சுவரில் ஒரு சாண் போடியார்

1978 நவம்பர்ச் சூறாவளி எங்கள் ஊர்ப் பட்டின சபை மண்டபத்தின் கூரையைப் பிடுங்கிப் போட்டது. தேக்குத் தூண்களும் வாசல் வளைவின் வண்ணக் கண்ணாடியும் எப்படியோ தப்பின. மழையில் ஊறிய பின்சுவரை அடுத்த வருடம் சுரண்ட வந்தவர் மீராசா. நாற்பது வருடமாக வெள்ளையடிப்பவர். எழுத்துத் தெரியாது, ஆனால் சுவரில் எத்தனை பூச்சு இருக்கிறதென்று நகத்தால் கீறியே சொல்லிவிடுவார்.

நாலாவது பூச்சுக்குக் கீழே ஓர் எருமைக் கொம்பு தெரிந்தது. சுரண்டுவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தார். மூன்று நாளில் நெல்லடிக்கும் ஒரு சூட்டுக்களமே வெளிவந்தது. எருமைகள் கதிர் மிதிக்க, ஆணும் பெண்ணுமாகப் பதினொரு பேர் வைக்கோல் உதறினார்கள். ஓரத்தில், வேலையாள் பிடித்த குடை நிழலில், வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். வரைந்தது யாரென்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை.

பார்க்கப் போன என்னிடம் மீராசா கையால் அளந்து காட்டினார். "பாருங்க மாஸ்டர், குடை பிடிக்கிறவன் ஒரு முழம். பக்கத்தில நிக்கிற போடியார் ஒரு சாண். கை தவறிக் கீறினதெண்டு சொல்லுவீங்களா?"

அன்றே சபைத் தலைவர் வந்தார். போடியார் குடும்பத்துப் பேரன்.

"உருவப்படம் ஹறாம், மார்க்கத்தில கூடாது. பூசி மூடு."

திரும்ப மாட்டுவதற்காக அவருடைய மூத்தப்பா, வாப்பா, அவர் ஆகிய மூவரின் படங்களும் மேசையில் கிடந்தன.

"அப்ப இந்த மூணும், ஹாஜியார்?" என்றார் மீராசா.

"வாய் நீளுது உனக்கு! நாளைக்குள்ள முடியாட்டி வேற ஆள் பூசும்."

வேறு ஆள் பசை கலந்து பூசுவார். பிறகு சுரண்டினால் படமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். தலைவருக்கு உறுத்தியது உருவமல்ல, உருவத்தின் அளவு. மார்க்கம் அதற்கு வசதியான போர்வை. கூட வந்த படித்த சபை உறுப்பினர்களுக்கும் இது விளங்கியது. ஆனாலும் தலைவருக்கே தலையாட்டினார்கள்.

"நானே பூசுறன்" என்றார் மீராசா. பழஞ்சுண்ணாம்பை வெறுந்தண்ணீரில் கரைத்தார். பசையில்லை. ஒரே பூச்சு.

மறுதிறப்பு விழாவில் அந்தச் சுவரில் சாய்ந்து நின்றவர்கள் வெள்ளை முதுகோடு வீடு போனார்கள்; சாய்ந்த இடத்தில் எருமைக் கொம்பு மங்கலாகத் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்குச் சனம் கூடியது.

"கதிரை சும்மா கிடக்கே, இரிங்களன் காக்கா!"

"வேணாம், நமக்குச் சுவர்தான் சுகம்."

ஒரு வருடத்தில் பதினொரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், போடியாரும்தான். மீராசாவுக்குச் சபை வேலை அதோடு நின்றது. மறுபடி பூசத் தலைவர் ஆள் தேடினார். கல்முனையிலிருந்து நிந்தவூர்வரை எந்த வெள்ளையடிப்பவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.