உப்பை நிறுத்திய தம்பியோடு திருநெல்வேலிக்கு

என் தம்பி மனநலத்துக்காகச் சாப்பிடும் லித்தியம் அவன் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிட்டது. சித்திரை வெயிலில் ரத்தப் பரிசோதனைக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒரு கையடக்கக் கருவி அதைக் காட்டியது. இதே மாத்திரைக்காக அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எனக்கு மிளகாய் வத்தல் மண்டி. காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். கயத்தாறு வரை அரை மணி நேரம். இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல். தம்பி அங்கே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறான். மனைவி பிரிந்துபோய்விட்டாள். கயத்தாறில் என் பஸ்ஸில் ஏறும்போதே அவனுக்குக் கால் தடுமாறியது, கை நடுங்கியது.

"என்ன அண்ணாச்சி, காலைலயே ஏத்தியாச்சா?" என்றார் கண்டக்டர்.

"ஏத்திருந்தா உம்ம பஸ்ஸுல எதுக்கு வாரேன்? பறந்துல்லா போயிருப்பேன்" என்றான் தம்பி.

பஸ்ஸே சிரித்தது. மீதி முப்பது கிலோமீட்டரும் அவன் ஜன்னலையே பார்த்து வந்தான். நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவன் நான். பக்கத்தில் இருந்தவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். சுகர் பார்க்கும் மெஷின் போலத்தான் இருந்தது. 1.6 என்று காட்டியது. டாக்டர் அவனுக்கு வைத்த எல்லை 1.

"மாத்திரை கூடப் போட்டியளா?"

"எண்ணித்தான் போடுதேன் தாயி."

"சாப்பாட்டுல ஏதும் மாத்துனியளா?"

"உப்ப நிறுத்திட்டேன். டாக்டரம்மாதான சொன்னாவ, லித்தியமும் ஒரு உப்புன்னு. ரெண்டு உப்பு எதுக்கு?"

கையிருப்பு இருக்கும்போது மறுபடி எதற்குக் கொள்முதல்? நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன். உப்பு குறைந்தால் உடம்பு லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். உடனே படுக்கவைத்து, லேபிலும் ரத்தம் பார்த்து, மூன்றாம் நாள் விட்டார்கள்.

ஒரு மாதமாக உப்பில்லாமல் சமைத்துத் தின்றிருக்கிறான். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

போகிறவர்கள் கவனிக்க: முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பாருங்கள், காலை மாத்திரை அதன் பிறகுதான். கருவியை மட்டும் நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உப்பும் அப்படித்தான், டாக்டரைக் கேளுங்கள்.

கருவியை வீட்டுக்கும் தருகிறார்கள். தம்பி வேண்டாம் என்றான்.

"நம்பரு கூடுனாத்தான் வருவியளோ? நான் என்ன வத்தல் லோடாண்ணே?"

பஸ் ஸ்டாண்டில் பேசி முடித்தோம். கருவி வாடகை மாதம் முந்நூறு ரூபாய், என் பொறுப்பு. வாரம் ஒரு சொட்டு ரத்தம், அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அவன் வீட்டில் சாப்பாடு; வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.